சந்தன நிறக் கார்

ஜூன் 4, செவ்வாய்

இன்று காலை சத்தி ரோட்டில் பனி. ஜூன் மாதத்தில், பத்து மணி வெயிலில், என் கார்க் கண்ணாடிக்கு முன்னால் மட்டும் வெள்ளையாகப் பனி இறங்கியது. காலம் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டு வைப்பரைப் போட்டேன். ரோட்டோரம் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். மரியாதை தெரிந்த ஜனங்கள். நானும் ஒரு கையை எடுத்துப் பதிலுக்கு ஆட்டினேன்.

டீக்கடைக்காரர் ஒருவர் குடத்துத் தண்ணீரோடு குறுக்கே ஓடிவந்து மறித்த பிறகுதான் அது பனி இல்லை, பானட்டிலிருந்து கிளம்பும் ஆவி என்று தெரிந்தது. அதற்குள் எஞ்சின் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. அப்புறம் சாவியைத் திருகினால் பேச்சு மூச்சு இல்லை.

“ஏனுங், இத்தன பொகையில எப்புடிங் ஓட்டிட்டு வந்தீங்க?” என்றார் டீக்கடைக்காரர்.

“அனுபவம்” என்றேன்.

பென்ஷனர் சங்கக் கூட்டத்துக்குப் போக முடியவில்லை. துளசிமணி அவளுடைய தங்கச்சி வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் பக்கத்தில் இல்லாமல் நான் வண்டி எடுத்தது இதுதான் முதல் தடவை. மனைவி கூட வராவிட்டால் காருக்குக்கூடத் துணிச்சல் வந்துவிடுகிறது.

ஜூன் 5, புதன்

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக் கோபியில் எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தாயிற்று. மெக்கானிக் கிட்டுசாமி பானட்டுக்குள் தலையை விட்டுவிட்டு வெளியே எடுத்தான்.

“எஞ்சின் சீஸ் ஆயிருச்சுங்ணா. சூட்டுல உள்ள எல்லாம் ஒட்டிக்கிச்சு. செவப்பு லைட்டு எரிஞ்சிருக்குமே, பாக்கலீங்களா?”

“எரியவில்லை” என்றேன்.

அவன் சாவியைத் திருகி, “இதா எரியுது பாருங்” என்றான். நான் குனிந்து, மூக்கு ஸ்டியரிங்கில் இடிக்கிற வரைக்கும் பார்த்தேன். ஏதோ இருந்த மாதிரி இருந்தது. வாசலில், வேப்பமரத்தடியில் நின்றிருந்த துளசிமணி, “நல்லா எரியுதுங்ளே” என்றாள்.

மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்தே ரிட்டயர் ஆனவன் இந்தச் சென்னியப்பன். மீட்டர் பார்ப்பதைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. எஞ்சின் உயிரைச் சொல்கிற விளக்கைக் கடுகு அளவில் வைத்தானே, அவனைத்தான் கேட்கவேண்டும்.

இரண்டு வழி இருக்கிறதாம். வேறு எஞ்சின் வாங்கி மாட்டலாம். அந்தச் செலவில் இன்னொரு பழைய காரே கிடைக்கும். இல்லாவிட்டால் இருக்கிற நிலையில் விற்றுவிடலாம். என்னிடம் தனியாக, “போட்டு ஓட்டுங்ணா, ராசியான வண்டி” என்றான் கிட்டுசாமி. துளசிமணியிடம் தனியாக, “தள்ளி உட்ருங்க்கா, ஏன் வீண் சோலி” என்றிருக்கிறான். எதிரில் நிற்பவர் பக்கம் பேசுகிறவன் அவன். ஷெட்டில் இடம் இல்லை, முடிவு பண்ணிவிட்டுச் சொல்லுங்கள் என்று வண்டியை எங்கள் வாசலிலேயே தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் 6, வியாழன்

வண்டி இல்லை. இட்லியும் சரியில்லை.

ஜூன் 8, சனி

விற்கவேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

“ஏன் விக்கோணும்? காரணம் சொல்லு” என்றேன்.

“எனக்குத் தொண்டை வலிக்குதுங்” என்றாள்.

தொண்டைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? மிளகுக் கஷாயம் வைத்துக் குடி என்றேன். பெங்களூரிலிருந்து மகள் பிரபாவும் போனில், “அம்மா சொல்றதக் கேளுங்கப்பா” என்கிறாள். இரண்டு பேரும் கூட்டு.

உண்மையில் அவளுக்குத் தொண்டை வலிப்பதில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் நாளைக்கு நாலு வார்த்தை பேசாதவள், காரில் ஏறினால் ரேடியோ. “ஏனுங், வலப்பக்கம் ஒரு எருமை வருது பாருங், என்ன லட்சணம்!” என்பாள். “முன்னால போற லாரிக்காரன் பிரேக் போட்டுட்டான், பாவம், என்ன வெசனமோ” என்பாள். “அந்தச் செவப்பு லைட்டு எத்தன அழகா எரியுதுங்!” என்பாள். ஒரு பள்ளம், ஒரு மேடு, ஒரு சைக்கிள் விடமாட்டாள். ரோட்டில் இவ்வளவு ரசனை உள்ள மனுஷியை நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவள் காரை விற்கச் சொல்கிறாள்.

விற்றால் நான் என்ன செய்வேன்? காய்கறி வாங்க அவளுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். ரிட்டயர் ஆன மறுநாள் என்னிடமிருந்து எல்லோரும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது இந்த ஸ்டியரிங் ஒன்றுதான். இதையும் கொடுக்கமாட்டேன்.

ஜூன் 10, திங்கள்

அந்தியூர் பஸ்ஸில் ஏறினேன். அது ஈரோடு போயிற்று. போர்டை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். புகார் எழுதவேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

மூன்றாம் வீட்டு போஸ்ட்மாஸ்டர் பொங்கலுக்கு என்னிடம், “கண்ணைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்றார். அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. இன்று அவர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு வந்தேன். அது அவர் இல்லையாம், கொடியில் காய்ந்த சட்டையாம். துளசிமணி சொல்கிறாள். சட்டையானாலும் அவருடைய சட்டைதானே.

ஜூன் 16, ஞாயிறு

புரோக்கர் தண்டபாணி வந்தான். நான் கூப்பிடவில்லை; கூப்பிட்டது யார் என்று கேட்டால் துளசிமணி காப்பி போடப் போய்விடுகிறாள்.

“அந்தச் சந்தனக் கலர் வண்டி விக்கறதுக்கு இல்ல” என்றேன்.

“சந்தனக் கலர் வண்டியா, அது எங்கீங்க?” என்றான்.

“உன் முன்னால நிக்குதே.”

“இது வெள்ளைங்களே!”

வாங்கும்போது வெள்ளைதான். ஆனால் நல்ல பெயிண்ட் வயசு ஏற ஏறச் சந்தன நிறத்துக்கு வந்துவிடும். போர்வெல் தண்ணீரில் வேட்டி வருவதில்லையா? அப்படி. இதெல்லாம் இந்தக் காலத்துப் பையனுக்கு எங்கே தெரியப்போகிறது.

வண்டியை ஒரு சுற்று சுற்றினான். இடது பக்கம் போனவன் ரொம்ப நேரம் அங்கேயே நின்றான். துளசிமணி காப்பியோடு வந்தாள். அவளை மேலும் கீழும் பார்த்து, “அக்கா, உங்குளுக்குத் தைரியம் ஜாஸ்திங்க” என்று கும்பிட்டான். எதற்குக் கும்பிட்டான் என்று தெரியவில்லை. அவன் கேட்ட விலைக்கு நான் சம்மதிக்கவில்லை. விலையே கேட்கவிடவில்லை என்பதுதான் சரி.

அவன் போன கையோடு துளசிமணி வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாள். மழை வரும் என்றாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஜூன் 20, வியாழன்

சண்டை முற்றி, சாமியையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பிள்ளையார் கோவிலில் பொட்டலம் போட்டுப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் குங்குமம், ஒன்றில் திருநீறு. பூசாரி எடுக்கிற பொட்டலத்தில் குங்குமம் வந்தால் ரிப்பேர், திருநீறு வந்தால் விற்பனை. பொட்டலம் கட்டுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, சமையலறை அலமாரியில் இருந்த சின்ன டப்பாவை எடுத்து இரண்டு பொட்டலத்திலும் குங்குமமே வைத்தேன். இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. பிள்ளையாருக்கு ஊரெல்லாம் வேலை இருக்கிறது. அவசரத்தில் தப்பாக எடுத்துவிடக்கூடாதே என்று ஒரு முன்னேற்பாடு, அவ்வளவுதான். கட்டும்போது எனக்கு நாலு தும்மல் வந்தது. அபசகுனமோ என்று ஒரு கணம் யோசித்தேன். ஒற்றைத் தும்மல்தான் கெடுதல். நாலு இரட்டைப்படை. பரவாயில்லை.

ஜூன் 21, வெள்ளி

எழுத முடியவில்லை. கண் எரிகிறது. சாமி பயங்கரக் கோபத்தில் இருக்கிறது.

ஜூன் 22, சனி

நடந்தது இது. பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு! “உத்தரவு ஆயிருச்சு!” என்று நான் கத்தியேவிட்டேன். பூசாரிக்கும் சந்தோஷம். ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியில் அழுத்தித் தேய்த்து, கண்ணில் விழுந்துவிடக்கூடாதே என்று மேலே கையை வைத்து ‘ப்பூ’ என்று ஊதினார். ஊதியது முழுக்க என் கண்ணுக்குள் போயிற்று. அடுத்த கணம் நான் பிள்ளையாரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். பூசாரி தும்மித் தும்மி மணியில் போய் இடித்துக்கொண்டார். மணி அடித்ததும் பூஜை என்று நினைத்து நாலு பேர் உள்ளே வந்து கும்பிட்டார்கள்.

துளசிமணி மட்டும் நிதானமாக இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தாள்.

“ஏனுங், ரெண்டுலயும் மொளகாப் பொடி. சாமி என்னங்க, கொழம்பு வெக்கச் சொல்லுதுங்களா?”

கோவிலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து நேராக ஆட்டோவில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

டாக்டர் கண்ணைக் கழுவி, இமையை இழுத்து, விளக்கை அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறதாம். இரண்டு வருஷத்துக்குக் குறையாதாம். மிளகாய்ப் பொடி பட்டதால் வந்த புரையாக இருக்கும் என்று நான் விளக்கினேன். டாக்டர் கேட்டுக்கொள்ளவில்லை. சின்ன வயசு, அனுபவம் போதாது.

“காரெல்லாம் ஓட்டறது இல்லையே?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் துளசிமணி, “நாங்க ரெண்டு பேருமாச் சேந்துதானுங் ஓட்டறோம்” என்றாள்.

அவளுக்குக் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாது. டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 8, திங்கள்

வலது கண் ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் போட்டிருக்கிறது. எழுதக்கூடாது என்றார்கள். நான் எழுதவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள்.

நர்ஸின் சட்டை வெள்ளை. சுவர் வெள்ளை. இப்படி ஒரு வெள்ளையை இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தார்கள்? வெளியே வந்தால் பஸ்ஸில் ‘அந்தியூர்’ என்று எழுதியிருக்கிறது, அது அந்தியூருக்கே போகிறது. ஆட்டோவில் வரும்போதுதான் ரோட்டைப் பார்த்தேன். அடேயப்பா. எத்தனை லாரி! ஒரு முழ இடைவெளியில் உரசிக்கொண்டு போகிறார்கள். இந்த ரோட்டில் இத்தனை வண்டி ஓடுவது எனக்குத் தெரியவே தெரியாது. ஆட்டோக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, “என்ன புள்ள, இத்தன நரையாயிருச்சு உனக்கு?” என்றேன்.

“ரெண்டு வருசமாச்சுங்” என்றாள்.

மத்தியானம் ஒட்டடைகளை எண்ணிக் காட்டினேன். பாத்திரத்தில் ஒட்டியிருந்த பருக்கையைக் காட்டினேன். இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள்.

ஜூலை 14, ஞாயிறு

தூசியில் போகக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவள் கடைக்குப் போன நேரத்தில் வாசலுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினேன்.

வண்டி வெள்ளைதான்.

வலது பக்கம், நான் உட்காரும் பக்கம், ஷோரூமிலிருந்து எடுத்துவந்த மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. பெருமையாகத் தடவிக்கொடுத்துக்கொண்டே சுற்றி இடது பக்கம் வந்தேன்.

அந்தப் பக்கத்தை எப்படி எழுதுவது? கதவு இரண்டும் நசுங்கியிருந்தன. எங்கள் கேட்டின் பச்சைப் பெயிண்ட் நீளமாக ஒரு கோடு. யாரோ வீட்டு மதில் சுவரின் காவி. பால் வண்டியின் நீலம் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்துக் கண்ணாடி இருந்த இடத்தில் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அது திருட்டுப் போய்விட்டதாக அவள் சொல்லி நானும் நம்பியிருந்தேன். எல்லாம் ஒரே பக்கம். அவள் உட்காரும் பக்கம். ஆழமான பள்ளம் அவள் முழங்கை வைக்கிற இடத்துக்கு நேராக இருந்தது.

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. நடக்காமல் போன ஒன்றை நினைத்து ஒருவனுக்கு இத்தனை நடுக்கம் வரும் என்று எனக்குத் தெரியாது.

அவள் கத்தரிக்காய்ப் பையோடு வந்து நின்றாள். தார்ப்பாய் கீழே கிடப்பதைப் பார்த்தாள்.

“ஏன் புள்ள ஒரு வார்த்தை சொல்லல?” என்றேன்.

“சொன்னா எம்பக்கம் திரும்பிச் சண்டைக்கு வருவீங்க. அப்ப எதுக்கால வர்ற லாரிய ஆரு பாக்கறது?”

“நீ பஸ்ஸுல வந்திருக்கலாமில்ல?”

“நா பஸ்ஸுல போனா, நீங்க தனியாப் போவீங்.”

சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எருமையையும் பள்ளத்தையும் அவள் எதற்கு அவ்வளவு ரசித்தாள் என்று இப்போது எனக்குப் புரிந்தது. மீட்டர் பார்த்தே சம்பளம் வாங்கியவனுக்கு இதைப் பார்க்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

சாயங்காலம் தண்டபாணிக்கு நானே போன் போட்டேன். வண்டியை எடுத்துக்கொள், எந்த விலையானாலும் சரி என்றேன்.

ஜூலை 15, திங்கள்

தண்டபாணி வந்தான். துளசிமணி அவனுக்குக் காப்பி கொடுத்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று அனுப்பிவிட்டாள்!

“நீதான வித்தே ஆகோணும்னு நின்னே?” என்றேன்.

“அப்ப உங்குளுக்குக் கண்ணு தெரியல.”

“இப்பத் தெரியுது. அதனாலதான் விக்கோணுங்கறேன். அந்த ரோட்டுல மனுசன் ஓட்டுவானா?”

நேற்று வரைக்கும் நான் பேசியதெல்லாம் அவள் பேசுகிறாள், அவள் பேசியதெல்லாம் நான் பேசுகிறேன். கிட்டுசாமியைக் கூப்பிட்டோம். என்னைப் பார்த்து, “போட்டு ஓட்டுங்ணா” என்று பழக்கத்தில் ஆரம்பித்தான். நான் முறைத்ததும் அவளைப் பார்த்து, “தள்ளி உட்ருங்க்கா” என்றான். அவளும் முறைத்தாள். கடைசியில், “ரெண்டு பேரும் மொதல்ல ஒரு பக்கமா நில்லுங்ணா, எனக்குக் கழுத்து சுளுக்குது” என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஜூலை 30, செவ்வாய்

நேற்று இடது கண்ணும் ஆயிற்று. போஸ்ட்மாஸ்டர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். இந்தத் தடவை சட்டைக்குள் அவரும் இருந்தார். பேசினேன்.

அவர் போன பிறகு துளசிமணி பக்கத்தில் உட்கார்ந்து பழத்தை உரித்தாள்.

“இத்தன நாளும் வண்டில ஏறினா நா ரோட்டத் தவிர ஒண்ணும் பாத்ததில்லீங். வழியில ஒரு நெல்லு வயலு, ஒரு வாழத் தோப்பு எதயும் பாத்ததில்ல. நீங்க பாத்து ஓட்டி, நா சும்மா உக்காந்து ஒருக்காப் போகோணும். அப்புறம் வேணும்னா வித்துக்கலாம்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன். கிட்டுசாமியைக் கூப்பிட்டு வேறு எஞ்சின் தேடச் சொன்னேன். எந்தப் பக்கமும் பார்க்காமல் கிளம்பிப் போனான்.

ஆகஸ்ட் 24, சனி

எஞ்சின் மாட்டியாயிற்று. இடது பக்கத்தைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்டும் அடித்தாயிற்று. டாக்டர் ஓட்டலாம் என்றுவிட்டார். பால்காரர் வரும் நேரத்தில் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். போஸ்ட்மாஸ்டர் கையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை, முதலில் பானட்டைப் பார்த்தேன். புகை இல்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பவானியில் துளசிமணியின் பெரியப்பா பேத்தி கல்யாணம். காலையிலேயே கிளம்பினோம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைவீதியைத் தாண்டும்போது ஒரு டவுன் பஸ் எதிரே வந்தது. அவள் வாயைத் திறந்தாள். நான் அதற்குள் ஒதுங்கிவிட்டேன். வாயை மூடிக்கொண்டாள். அடுத்து ஒரு மொபெட். அதற்கும் நானே ஒதுங்கினேன். ஒரு கையைப் பிடியிலிருந்து எடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் மற்றக் கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லாம் தெரிந்தது, கண் தெரிவது அவ்வளவு சுகமான காரியம் இல்லை. ஒவ்வொரு லாரியும் முழு லாரியாக வந்தது. ஆனாலும் ஓட்டினேன். இரண்டு பக்கமும் நெல் வயல் வந்தது, வாழை வந்தது. அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நான் ஏதாவது தப்பாக ஓட்டிவிட்டேனோ, கோபமோ என்று நினைத்தேன்.

“வயலு வந்திருச்சு, பாக்கறயா?” என்றேன்.

ரோடு காலியாக இருந்த இடத்தில் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, கழுத்துச் சங்கிலி ஒரு பக்கமாக ஒதுங்கி, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். காரில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் எனக்கும் சேர்த்து அடித்தார்கள்.

மண்டப வாசலில் புளியமர நிழலில் நிறுத்தினேன். உள்ளே கெட்டிமேளம் கேட்டது. எழுப்ப மனசு வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதல் பந்தி சாப்பிட்டவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வரும்போதுதான் விழித்தாள்.

“தாலி கட்டியாச்சுங்களா?”

“ஆச்சு.”

“ஏனுங் எழுப்பல? ஒறம்பரை சொந்தமெல்லாம் என்ன நெனப்பாங்க?”

“பார்க்கிங் கிடைக்கல” என்றேன். சுற்றிலும் பார்த்தாள். எங்கள் வண்டியைத் தவிர அந்தப் புளியமரத்தடியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் பந்தியில் பாயசம் தீர்ந்துபோயிருந்தது. அதற்கும் திட்டினாள். வண்டியில் ஏறியும் கொஞ்ச தூரம் திட்டினாள். அப்புறம், திரும்பி வரும்போதும் தூங்கிவிட்டாள்.